அளவுகோலைச் சோதித்தவர்
அறிவுத்திறன் சோதனைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் அமெரிக்கக் கல்வியாளர் ஜார்ஜ் சான்செஸ். 1906இல் நியூ மெக்சிகோவில் பிறந்த அவர், 16 வயதிலேயே கிராமப் பள்ளி ஆசிரியரானார். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலச் சோதனைகளில் பின்தங்கினர். அதை இனத்தின் பிறவிக் குறை என்றே அறிஞர் பலர் முடிவுகட்டினர். சான்செஸோ சோதனையையே சோதித்தார். வினாக்களில் இருந்த சொற்கள் பல, அப்பிள்ளைகளுக்குப் பள்ளி கற்பிக்காதவை என்று 1934இல் சுட்டிக்காட்டினார். 1940 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்கிய பள்ளிகளுக்கு எதிரான வழக்குகளுக்குத் துணைநின்றார். 1972இல் மறைந்தார். கற்பிக்காததைக் கேட்டுவிட்டு அறிவில்லை எனத் தீர்ப்பளிப்பது அநீதி. எந்த மதிப்பெண்ணையும் நம்பும் முன், வினா யாருடைய மொழியில் எழுந்தது என்று பார்க்கவேண்டும். அவர் வாழ்விலிருந்து நான் பெறும் பாடம் இதுவே.