பயிரை உழுது அழிக்கச் சொன்ன மந்திரி

ஊரே பசியால் வாடும்போது, செழித்து நிற்கும் பயிரை உழுது அழிக்கச் சொல்லும் மந்திரி உண்டா? இருந்தார்! அவர்தான் அமெரிக்க விவசாய மந்திரி ஹென்றி வாலஸ்.

1888-ம் ஆண்டு அயோவா மாநிலத்தில் பிறந்தவர் அவர். பாட்டனார் விவசாயப் பத்திரிகை நடத்தியவர். தந்தையும் விவசாய மந்திரியாக இருந்தவர். கண்காட்சியில் பரிசு பெறும் அழகான மக்காச்சோளக் கதிர்கள் அதிக விளைச்சல் தருமா என்று பள்ளிப் பருவத்திலேயே விதைத்துப் பார்த்தார் வாலஸ். தரவில்லை! 1926-ல் வீரிய ஒட்டு விதைக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்.

அடுப்பில் சோளம்

1929-க்குப் பிறகு விளைபொருள் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. அயோவாவில் நிலக்கரியைவிட மக்காச்சோளம் மலிவு என்று அதையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வாலசை மந்திரியாக்கினார்.

விளைச்சலைக் குறைப்பவருக்குச் சர்க்கார் பணம் தரும். இதுதான் திட்டம். அதற்குள் பருத்தி விதைத்தாகி விட்டது. ஆகவே சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி உழப்பட்டது. சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகள் கொல்லப்பட்டன. நாடு கொதித்தது. ஆனால் விலை ஏறியது. குடியானவர்கள் மூச்சு விட்டார்கள். எல்லாரும் அல்ல. பருத்திப் பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர் கைக்கே போயிற்று. வாரத்துக்கு உழுதவர்கள் பலர் நிலத்தை விட்டே விரட்டப்பட்டார்கள்.

நீல முத்திரை

1936-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்றது. வாலஸ் தளரவில்லை. நல்ல விளைச்சலில் தானியத்தைச் சேமித்து, பஞ்சத்தில் வெளியே விடும் பழைய சீன முறையை 1938-ம் ஆண்டுச் சட்டத்தில் புகுத்தினார். 1939-ல் ஏழைகளுக்கு உணவு முத்திரைகள் வந்தன. 1 டாலருக்கு ஆரஞ்சு நிற முத்திரை வாங்கினால், 50 சென்டுக்கு நீல முத்திரை இலவசம். ஆனால் நீல முத்திரைக்கு, உபரி என்று சர்க்கார் அறிவித்த பண்டம் மட்டுமே கிடைக்கும்!

1933-ம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் முதலில் இருந்தவை ஏழு: கோதுமை, பருத்தி, மக்காச்சோளம், நெல், புகையிலை, பன்றி, பால். காய்கறிக்கும் பழத்துக்கும் அதில் இடமில்லை.

உப ஜனாதிபதியாகவும் உயர்ந்த வாலஸ் 1965-ல் காலமானார். தற்காலிகம் என்று அவர் கொண்டு வந்த மானியம் மட்டும் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இன்றும் மிக அதிகமாக விளைவது மக்காச்சோளம். அதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கும் மோட்டார் எரிபொருளுக்கும் போகிறது.

எதற்கு விலை உறுதியோ, அதையே குடியானவர் விதைப்பார். எது மலிந்து கிடக்கிறதோ, அதுவே ஏழையின் தட்டில் விழும்.