மூன்று சிறுமிகள் கதவைத் தட்டினார்கள்!

1930-ம் ஆண்டு. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவை மூன்று சிறுமிகள் தட்டினார்கள். மூவரும் தேவதாசி குலத்துப் பெண்கள். பொட்டுக்கட்டுக்குப் பயந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள்.

பொட்டுக்கட்டு என்றால் என்ன?

சின்னஞ்சிறு பெண்ணைக் கோவிலுக்கு நேர்ந்துவிட்டு, சாமி பேரில் தாலி கட்டிவிடுவார்கள். அப்புறம் அவளுக்குக் கல்யாணம் கிடையாது. பணக்காரர் யாருக்காவது ஆசைநாயகி ஆகவேண்டியதுதான்!

அம்மையாருக்கு இது யாரோ சொன்ன கதை அல்ல. அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்தக் குலத்தில் பிறந்தவர்.

முத்துலட்சுமி பிறந்தது புதுக்கோட்டையில், 1886-ல். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் அவர் சேர்வதற்குப் பெற்றோர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மன்னர் இடம் கொடுத்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். துணைத் தலைவரும் அவரே.

பொட்டுக்கட்டை ஒழிக்க அங்கே போராடினார். கற்றறிந்தவர்களே எதிர்த்தார்கள். கலை அழிந்துவிடுமாம்! அவர்கள் தங்கள் பெண்களை அந்தக் கலைக்கு அனுப்பினார்களா என்றால், இல்லை.

சட்டம் வரட்டும். தப்பி வந்த பெண் இன்றிரவு எங்கே தூங்குவாள்? யார் சோறு போடுவது? யார் பள்ளியில் சேர்ப்பது?

அம்மையார் அந்த மூவரையும் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். பிறகு அநாதைச் சிறுமிகளும் ஏழைப் பெண்களும் வந்தார்கள். சாதி கேட்கப்படவில்லை. சோற்றோடு படிப்பும் கிடைத்தது.

பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் 1947-ல்தான் முழுமையாக வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். 1968-ல் காலமானார்.

அடையாறில் அவ்வை இல்லத்துப் பள்ளி மணி இன்றும் அடிக்கிறது.