துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்த பெஞ்சமின் ராபின்ஸ்: பாத் நகரில் தொடங்கி கடலூரில் முடிந்த வாழ்க்கை

ஏர் பிஸ்டல்களைச் சோதிக்கும் வீடியோக்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அசல் கைத்துப்பாக்கி போலவே செய்த மாதிரிகளை வரிசையாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். முன்னால் ஒரு சின்னக் கருவி இருக்கும். குண்டு அதைக் கடந்ததுமே விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எண் வந்துவிடும். அந்தக் கருவிக்கு குரோனோகிராஃப் என்று பெயர். உள்ளே இரண்டு ஒளி உணரிகள். முதல் உணரியைக் கடந்து இரண்டாவதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது? தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒப்பிடும்போது கவனம் வேண்டும். இலேசான குண்டு போட்டால் அதே பிஸ்டல் கூடுதல் வேகம் காட்டும். வாயுக் குப்பியில் ஓடும் ரகம் என்றால், அடுத்தடுத்து வேகமாகச் சுடும்போது குப்பி குளிர்ந்து வேகம் குறையும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி இது பெரிசு, அது சிறிசு என்று சொல்ல முடியாது. (நம்ம வட்டாரத்தில் இந்த மாதிரி பொம்மைகள் விஷயத்தில் சட்டம் கடுமை. வீடியோவோடு நிறுத்திக்கோங்க.)

சரி, மின்சாரமே இல்லாத காலத்தில் இதை எப்படி அளந்திருப்பார்கள்? விநாடியை ஆயிரமாகப் பிரிக்கும் கடிகாரம் கிடையாது. கண்ணுக்கோ குண்டு தெரியாது. சுமார் 280 ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு வழி சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ்.

போரை வெறுத்த சபையில் பிறந்தவர்

1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர்கள். ஆயுதம் ஏந்துவதே பாவம் என்று நம்பும் கிறிஸ்துவப் பிரிவு அது. அந்த வீட்டுப் பையன்தான் பின்னாளில் பீரங்கி அறிவியலின் முன்னோடி ஆனார். கேட்கவே விசித்திரமா இருக்குல்ல?

கணிதத்தில் பையன் கெட்டிக்காரன். இளவயதிலேயே லண்டனுக்கு வந்து, கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1727-இல், இருபது வயதில், ராயல் சொசைட்டியின் உறுப்பினர். நியூட்டனின் கணித முறையைப் பாதிரியார் பார்க்லி தாக்கி எழுதியபோது, 1735-இல் நியூட்டனுக்காக வாதாடிப் புத்தகம் போட்டார். குவேக்கர் உடையும் பழக்கங்களும் அதற்குள் எப்போதோ போய்விட்டன.

அரசியலிலும் மூக்கை நுழைத்தார். பிரதமர் வால்போலை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1741-இல் ஊல்விச்சில் ராணுவக் கழகம் தொடங்கியபோது அங்கே பேராசிரியர் வேலையை எதிர்பார்த்தார். வேலை வேறொருவருக்குப் போனது. இதில் அரசியல் விளையாடியிருக்கலாம். மனுஷன் சும்மா இருக்கவில்லை. அந்த வேலைக்காகத் தயார் செய்த விஷயங்களை விரித்து, 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் என்ற நூலாக வெளியிட்டார். அளவில் சின்னப் புத்தகம். ஐரோப்பியப் படைகளின் கணக்கையே அது மாற்றிப்போட்டது.

கட்டையில் சுட்டால் வேகம் தெரியும்

அவர் செய்ததை நீங்களே மனதில் ஓட்டிப் பார்க்கலாம். மூன்று கால் சட்டத்திலிருந்து கனமான ஊசல் ஒன்று தொங்குகிறது. ஊசல் என்றால் பெண்டுலம்தான். அதன் முகப்பில் தடித்த மரக்கட்டை. மொத்த எடை 56 பவுண்டு, அதாவது 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 38 கிராம். கட்டையைப் பார்த்துச் சுட வேண்டும். குண்டு மரத்துக்குள் புதைந்துவிடும். இரண்டும் சேர்ந்து பின்னோக்கி ஆடும்.

பள்ளியில் படித்த உந்தம் ஞாபகம் இருக்கா? எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். மோதலுக்கு முன்னும் பின்னும் அது மாறாது. கட்டை குண்டைவிட ஏறத்தாழ 670 மடங்கு கனம் என்பதால், ஆடும் வேகமும் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு குறைந்துவிடும். விநாடிக்கு 500 மீட்டரில் வந்த குண்டு கட்டையை விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில்தான் நகர்த்தும். நீங்கள் மெதுவாக நடக்கும் வேகம்! கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் கையால் அளக்கக்கூடியதாக மாற்றிவிட்டார். (ஊசல் வட்டப் பாதையில் ஆடுவதால் அசல் கணக்கு இதைவிடக் கொஞ்சம் சிக்கல். அதையும் போட்டுவைத்தார்.)

எவ்வளவு ஆடியது என்று பார்க்க ஒரு நாடா போதுமானதாக இருந்தது. ஊசலின் அடியில் ரிப்பனைக் கட்டி, ஒரு பிடிப்பின் வழியே விட்டார். கட்டை பின்னால் போகும்போது ரிப்பனையும் இழுக்கும். இழுபட்ட நீளத்தை அளந்தால் ஆட்டத்தின் அளவு கிடைக்கும், அதிலிருந்து குண்டின் வேகம். பிறகு வெடிமருந்தைக் கூட்டியும் குறைத்தும், குழலின் நீளத்தை மாற்றியும், தன் கணக்கு சொன்ன வேகத்தையும் ஊசல் சொன்ன வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இன்றைய சோதனை வீடியோக்காரர்கள் செய்வதும் இதே வேலைதான்.

காற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை

அதுவரை பீரங்கிக் கணக்கு கலிலியோ சொன்ன வளைகோட்டை வைத்துத்தான் நடந்தது. குண்டு கனமானது, காற்று அதை என்ன செய்யும் என்ற நினைப்பு. ராபின்ஸ் அளந்த மஸ்கெட் குண்டின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,700 அடி. காற்றே இல்லாவிட்டால், 45 பாகையில் சுடும்போது அது 17 மைல், அதாவது 27 கிலோமீட்டர் பறக்க வேண்டும். சிங்கப்பூரின் தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரை வரைக்கும்! நிஜத்திலோ அரை மைல்கூடத் தாண்டவில்லை.

ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டு, வழியில் எவ்வளவு வேகம் குறைகிறது என்று பார்த்தார். அந்த வேகத்தில் காற்று குண்டைத் தடுக்கும் விசை, குண்டின் எடையைப்போல் சுமார் 120 மடங்கு என்று தெரிந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று எகிறுவதையும் கவனித்தார். விமானங்கள் அதே சிக்கலில் மாட்ட இன்னும் 200 வருஷம் இருந்தது.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த சோதனை, வளைத்த குழல். துப்பாக்கியின் முனையை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தார். எதிரே சற்றுச் சற்றுத் தள்ளி மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம் திரும்பியது. குழலின் உட்சுவரில் உரசி உருண்டதால் குண்டுக்குச் சுழற்சி வந்தது, அந்தச் சுழற்சிதான் காற்றில் அதைத் திருப்புகிறது என்றார். ஃப்ரீ கிக்கில் பந்து சுவரைச் சுற்றி வளைந்து கோலுக்குள் போகிறதே, அதே விஷயம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இதை ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸ் பெயரில்தான் இன்று அது வழங்குகிறது. நியாயம் இல்லை, ஆனால் அறிவியல் வரலாற்றில் இது சகஜம்.

மாமேதை ஆய்லர் 1745-இல் ராபின்ஸின் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, பல மடங்கு விளக்கமும் சேர்த்தார். ஆனால் சுழற்சி விளக்கத்தை மட்டும் அவர் ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் ராபின்ஸ்தான் சரி. 1746-இல் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. அடுத்த வருஷம், குழலுக்குள் திருகு வரிகள் வெட்டிய துப்பாக்கியை எந்த நாடு முதலில் முழுமையாகப் பயன்படுத்துகிறதோ அதன் கை ஓங்கும் என்று எழுதினார். பின்னாளில், ஒக்ஸோன் நகரில் இளம் பீரங்கி அதிகாரியாக இருந்த நெப்போலியன், ராபின்ஸின் நூலைப் படித்துக் குறிப்பெடுத்தார்.

தேவனாம்பட்டினம்

இனி கதை நம் பக்கம் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்திருந்தது. 1749-இல் ஒப்பந்தப்படி திரும்பக் கிடைத்தது. கோட்டைகளைப் பலப்படுத்த ஆள் தேவை. ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு 1749 இறுதியில் கப்பலேறி, 1750 ஜூலையில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

அந்த இடத்துக்கே ஒரு பீரங்கிக் கதை உண்டு. 1690-இல் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேரும் என்பது பேரம். பல திசைகளில் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊர்கள் கம்பெனிக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. அங்கே குடியிருந்தவர்களைப் பொறுத்தவரை, ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது வெறும் கணக்குப் புதிர் அல்ல. அதற்கு விடை கண்டவரோ, அறுபது வருஷம் கழித்து அதே மண்ணில் வந்து இறங்கினார், நிலத்தை வாங்கிய அதே கம்பெனியின் சம்பளத்தில்.

வேலை அதிக நாள் நடக்கவில்லை. வந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் படுத்தியது. எழுந்து கோட்டை வரைபடங்களைப் போட்டார். மறுபடியும் விழுந்தார். 1751 ஜூலை 29-ஆம் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 44. திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய எழுத்துகளை நண்பர் ஜேம்ஸ் வில்சன் 1761-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுப் படை 1758-இல் பிடித்து இடித்துப்போட்டது. ஊசல் மட்டும் பிழைத்தது. ராபின்ஸுக்கு வேலை கிடைக்காத அதே ஊல்விச் கழகத்தில், பேராசிரியர் சார்ல்ஸ் ஹட்டன் 1770-களில் அதைவிடப் பெரிய ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, மஸ்கெட்டுக்குப் பதிலாகப் பீரங்கியாலேயே சுட்டு அளந்தார். 1778-இல் அவருக்கும் காப்ளி பதக்கம் கிடைத்தது.