ஆளுக்குப் பாதி
(குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வாழ்க்கை வரலாறு)

நாம் வாழும் மறைமலை நகர், தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். அறிஞர் ஒருவரின் பெயர் ஓர் ஊருக்கே சூட்டப்படுவது பெரும் சிறப்பன்றோ! ஆனால் வேறொருவர் இருந்தார். அவருடைய பெயரை அறியாத குழந்தைகளும் அவருடைய பாட்டை அறிவார்கள். எழுதக் கற்கும் முன்பே நாம் பாடக் கற்றது அவர் பாட்டைத்தான். அவரே குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

புதுக்கோட்டைச் சீமையில் உள்ள இராயவரம் என்னும் சிற்றூரில் 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் அழகப்பச் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வள்ளியப்பன். இராயவரத்துக் காந்தி பாடசாலையிலும், பின்னர் அடுத்த ஊரான கடியாபட்டியில் உள்ள உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். தோழர்களோடு பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் பாட்டுக் கட்டிப் பாடுவது அச்சிறுவனுக்கு விளையாட்டாக இருந்தது. அந்த விளையாட்டே பின்னாளில் வாழ்வாக மலர்ந்தது.

பள்ளிப் படிப்போடு ஏட்டுக் கல்வி நின்றது. கல்லூரி வாயிலை மிதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1940-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய சக்தி காரியாலயத்தில் வேலைக்கு அமர்ந்தார். வேலை தேடி வந்த அந்த இளைஞரிடம் எழுத்தாற்றல் இருப்பதைக் கண்டுகொண்டவர், சக்தி இதழின் ஆசிரியராக விளங்கிய தி. ஜ. ர. அவர் ஊக்கம் தர, வள்ளியப்பாவின் முதல் கதை வெளிவந்தது. அதன் பெயர் 'ஆளுக்குப் பாதி' என்பதாகும். அவருடைய வாழ்வு முழுவதற்குமே பொருந்தக்கூடிய பெயரை முதல் கதைக்கே சூட்டிவிட்டார் போலும்!

1941-ஆம் ஆண்டில் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982-இல் ஓய்வு பெறும் வரை வங்கிப் பணி தொடர்ந்தது. பகலெல்லாம் பேரேடும் வரவு செலவும். மற்றை நேரமெல்லாம் பூனையும் நாயும் பொம்மையும் நிலாவும். வயிற்றுப்பாட்டுக்குப் பாதி, குழந்தைகளுக்குப் பாதி என்று தம் நாளைப் பங்கிட்டுக் கொண்டார். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து களைப்போடு வீடு திரும்பும் தந்தையரை நாம் அன்றாடம் காண்கிறோம். அதன் பின்னும் அமர்ந்து, வேலையாகக் கருதாமல் விருப்பத்தோடு எழுதுவதென்றால் எத்துணை அன்பு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1944-ஆம் ஆண்டு, இருபத்தி மூன்று பாடல்கள் கொண்ட 'மலரும் உள்ளம்' என்னும் சிறு நூல் வெளிவந்தது. பத்தாண்டுகளில், 1954-இல், அது 135 பாடல்கள் கொண்ட பெரு நூலாக வளர்ந்தது. அவருடைய பாடல்களில் கடினமான சொல் இராது. நீதியைப் பிரம்பைப் போல் ஓங்கிக் காட்டும் வழக்கமும் இராது. தட்டு நிறைய லட்டு வைத்த பாட்டை நாம் எல்லோரும் பாடியிருக்கிறோம். அதில் இருப்பவை எட்டு லட்டுகள். அண்ணனுக்கு நான்கு, தங்கைக்கும் நான்கு. ஆண்பிள்ளைக்குக் கூடுதலும் பெண்பிள்ளைக்குக் குறைவும் பல வீடுகளில் வழக்கமாக இருந்த காலத்தில், கவிஞர் அதைப் பற்றி உபதேசம் ஏதும் செய்யவில்லை. சரிபாதியாகப் பங்கிட்டுப் பாடிவிட்டார், அவ்வளவே. பாடிய குழந்தைகள் கணக்கையும் கற்றார்கள், நியாயத்தையும் கற்றார்கள்.

பாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. ஈசாப்பின் கதைகளைப் பாடல்களாக்கினார். அண்ணல் காந்தியடிகளின் வரலாற்றைப் 'பாட்டிலே காந்தி கதை' என்று செய்யுளில் வடித்தார். சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்காக 'நீலா மாலா', 'பர்மா ரமணி' முதலிய நெடுங்கதைகளைப் படைத்தார். பெரியோர்களின் இளமைக் கால நிகழ்ச்சிகளைச் 'சின்னஞ்சிறு வயதில்' என்னும் நூலில் தொகுத்தார். உலகுக்குக் கதை கூறியவர்களின் வாழ்வையே கதையாக்கிக் 'கதை சொன்னவர் கதை' எழுதினார். நம் நாட்டு நதிகளைப் பற்றி அவர் எழுதிய நூலை நேஷனல் புக் டிரஸ்ட் இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டது. மழலைக்கு ஒரு பாட்டு, சிறுவனுக்கு ஒரு கதை, வளர்ந்த மாணவிக்கு ஒரு வரலாறு என்று ஒவ்வொரு வயதுக்கும் உரிய பங்கை அளந்து வைத்தார்.

பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை ஆகிய சிறுவர் இதழ்களுக்கு ஆசிரியராகப் பணிபுரிந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பின் கோகுலம் இதழின் கௌரவ ஆசிரியராகவும் விளங்கினார். தாம் ஒருவரே எழுதிப் புகழ் பெற்றால் போதும் என்று அவர் எண்ணியதில்லை. 1950-ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். புதிதாக எழுத வந்தவர்களைத் தேடிப்பிடித்து ஊக்கினார். தி. ஜ. ர. தமக்குத் தந்ததைத் தாம் பிறருக்குத் தந்தார். அதுவும் ஒரு பங்கீடுதானே!

ஆயினும் ஒரு குறை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. குழந்தைகளுக்காக எழுதுவது எளிய வேலை, அது இலக்கியமாகாது என்று கருதுவோர் இருந்தனர். பெரியவர்களுக்கான காவியங்களைப் பட்டப் படிப்பில் ஆராய்கிறோம். குழந்தை இலக்கியத்திற்கு அங்கே இடம் வேண்டாமா என்பது அவர் கேள்வி. 1989-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அங்கேயே மயங்கி விழுந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. கல்லூரிக்குச் செல்ல இயலாத அம்மனிதர், பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் பங்கைக் கேட்டுக்கொண்டே மறைந்தார்.

அன்புத் தோழியரே! பெரிய வகுப்புக்கு வந்துவிட்டோம், அந்தப் பாட்டெல்லாம் பாப்பாக்களுக்குத்தானே என்று நாம் ஒதுக்கிவிடலாமா? வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், இன்று மாலை பாடப் புத்தகத்தை மூடியபின் கால் மணி நேரம் அவர்களோடு அமருங்கள். ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு கதையைப் படித்துக் காட்டுங்கள். தட்டில் பலகாரம் இருந்தால் ஆளுக்குப் பாதி எடுத்துக் கொள்ளுங்கள். குழந்தைக் கவிஞருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி இதனினும் வேறு உண்டோ?