ஆர்ம்ஸ்ட்ராங் தொடுத்த வழக்கு

கையடக்கமான டெலிபோன்களைச் செய்யும் கம்பெனிகள் ஒன்றின்மேல் ஒன்று பேடெண்ட் வழக்குத் தொடுத்த காலத்தில், இவ்வழக்குகள் நியாயந்தானா என்ற கேள்வி எங்கும் எழுந்தது. ஆப்பிள் கம்பெனி ஸாம்ஸங் கம்பெனியின்மீது 2011-ல் தொடுத்த வழக்கில், மறு வருஷமே ஜூரர்கள் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு விதித்தனர். பின்னர் தொகை குறைந்தது. மறு விசாரணைகள் நடந்தன. 2018-ல் ராஜி ஏற்பட்டது. இதைக் கண்டவர்களில் பலர், பேடெண்ட் என்பதே வக்கீல்கள் பிழைப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று கூறலாயினர். நாமும் அத்தொழிலில் பயின்றவரே. ஆகையால் அதை அடியோடு மறுக்க நமக்கு வாயில்லை. ஆனால், இக்கேள்விக்கு இரண்டு பெருங் கம்பெனிகளின் சச்சரவிலிருந்து விடை காண முயல்வது பயனற்றது. ஒருபுறம் தனி மனிதனும் மறுபுறம் பெருங் கம்பெனியும் நின்ற வழக்கு ஒன்று உண்டு. அதை நடத்தியவர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்.

அவர் 1890-ம் வருஷம் டிசம்பர் 18-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை புத்தகப் பிரசுரத் தொழிலில் இருந்தவர். தாய் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இளமையில் கண்ட கடும் நோயினால் முகத்திலும் தோளிலும் ஒரு துடிப்பு அவருக்கு ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டது. கொலம்பியா சர்வகலாசாலையில் மாணவராக இருந்தபோதே, 1912-ல், லீ டி பாரஸ்ட் என்பவர் செய்திருந்த வால்வை எடுத்து, அதிலிருந்து வெளிவரும் மின்சாரத்தில் ஒரு பகுதியை மீண்டும் அதன் வாயிலுக்கே திருப்பி அனுப்பினார். ஈனஸ்வரத்தில் கேட்டு வந்த ஒலி அறையை நிரப்பியது. கடல் கடந்த நிலையங்களின் சமிக்ஞைகளும் தெளிவாகக் கேட்டன. உடனே பேடெண்டுக்கு மனுச் செய்ய விரும்பினார். படிப்பை முடிக்கும்வரை தந்தை பணம் தர மறுத்தார். வேறு வழியின்றி, தம் வரைபடத்தை 1913 ஜனவரி 31-ல் நோட்டரி ஒருவரிடம் கொண்டுபோய்ச் சாட்சிக் கையெழுத்துப் பெற்று வைத்துக்கொண்டார். அக்டோபரில் மனுக் கொடுத்தார். 1914-ல் பேடெண்ட் கிடைத்தது.

அந்தப் பேடெண்டே அவரை இருபது வருஷம் நியாயஸ்தலங்களில் அலைக்கழித்தது. வால்வைச் செய்தவராகிய டி பாரஸ்ட், இந்த உபாயத்தையும் தாமே முதலில் கண்டதாக வாதாடினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் உரிமையை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியும், டி பாரஸ்டின் உரிமையை அமெரிக்க டெலிபோன் கம்பெனியும் வாங்கியிருந்தன. ஆகவே இருவருக்கும் பின்னால் பெரும் பணம் நின்றது. முதலில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே ஜயம் உண்டாயிற்று. டி பாரஸ்டோ கடனில் மூழ்கியிருந்தார். வழக்குச் செலவுத் தொகையை விட்டுக்கொடுத்து விஷயத்தை முடித்துக்கொள்ளும்படி வேண்டியவர்கள் பலர். ஆர்ம்ஸ்ட்ராங் இணங்கவில்லை. அதனால் இறுதித் தீர்ப்பு பதிவாகாமல் நின்றது. எதிரிக்கு மறுபடியும் வழி திறந்தது. இவ்விஷயத்தில் அவர் புத்தி சாதுரியமாக நடந்துகொண்டார் என்று நாம் சொல்ல மாட்டோம். சிறு தொகையில் காட்டிய பிடிவாதம் பெரிய உரிமைக்கே உலையாயிற்று. சுப்ரீம் கோர்ட்டு 1928-லும், மீண்டும் 1934-லும், டி பாரஸ்டுக்கே தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை ரேடியோ நிபுணர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தமது சங்கம் முன்னர் அளித்திருந்த கௌரவப் பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்கச் சென்றார்; சங்கத்தார் வாங்க மறுத்து, அவருக்கே அது உரியது என்று மறுபடி உறுதி செய்தனர். சட்டம் ஒரு பக்கமும் தொழிலறிந்தோர் அபிப்பிராயம் மறு பக்கமும் நிற்கும் விந்தையை இதைவிட விளக்கமாகக் காட்டும் சம்பவத்தை நாம் அறியோம்.

இதற்கிடையில், முதல் உலக யுத்தத்தின்போது பாரிஸ் நகரில் ராணுவ உத்தியோகத்தில் இருந்த சமயத்தில், 1918-ல், ஸூப்பர்-ஹெட்டரொடைன் என்னும் முறையை அவர் வகுத்தார். பிற்காலத்தில் வீடுதோறும் வந்த ரேடியோப் பெட்டிகளெல்லாம் ஏறக்குறைய இம்முறையில் அமைந்தவையே. உரிமைகளை விற்றதனால் செல்வந்தரானார். அமெரிக்க ரேடியோ கார்ப்பரேஷனின், அதாவது ஆர்.ஸி.ஏ.வின், பங்குகளை மிகுதியாக உடையவரானார். அக்கம்பெனியின் தலைவராக உயர்ந்த டேவிட் ஸார்னாப் அவருக்கு நெருங்கிய நண்பர். ஸார்னாபின் காரியதரிசியாக இருந்த மாரியன் என்னும் மாதையே 1923-ல் ஆர்ம்ஸ்ட்ராங் மணந்தார்.

ரேடியோவில் இடி மின்னல் காலங்களில் எழும் இரைச்சலை ஒழிக்க வேண்டுமென்பது நெடுநாளைய ஆசை. ஒலிக்குத் தக்கபடி அலையின் உயரத்தை ஏற்றி இறக்குவதே அதுவரை வழக்கம். இரைச்சலும் அந்த உயரத்தைத்தான் கெடுக்கிறது. ஆர்ம்ஸ்ட்ராங் உயரத்தை மாற்றாமல் அலையின் துடிப்பு விகிதத்தை மாற்றினார். அகன்ற அலைவரிசையில் இதைச் செய்தால் இரைச்சல் அடங்கும் என்று மெய்ப்பித்தார். பண்பலை என்றும் எப்.எம். என்றும் வழங்குவது இதுவே. இதற்குரிய பேடெண்டுகள் 1933 டிசம்பர் 26-ல் கிடைத்தன. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, பேடெண்ட் அளித்த நாளிலிருந்து 17 வருஷம் செல்லும். இத்தேதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆர்.ஸி.ஏ. முதலில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சோதனைக்கு இடமளித்தது. 1935-ல் டெலிவிஷன் வேலைக்காக அவருடைய கருவிகளை அகற்றச் சொன்னது. ஆர்ம்ஸ்ட்ராங் சொந்தப் பணத்தில் நியூஜெர்ஸியிலுள்ள ஆல்பைன் என்ற இடத்தில் கோபுரம் எழுப்பி ஒலிபரப்பினார். வேறு கம்பெனிகள் சில, விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் கொடுக்க உடன்பட்டு அவரிடம் அனுமதி பெற்றன. ஆர்.ஸி.ஏ. 1940-ல் மொத்தமாக 10 லட்சம் டாலர் தருவதாகவும், ராயல்டி கொடுப்பதில்லையென்றும் சொன்னது. விகிதப்படி கொடுத்துவரும் மற்றவர்களுக்கு அது அநீதி என்று ஆர்ம்ஸ்ட்ராங் மறுத்தார். யுத்த காலத்தில் ராணுவத்துக்குத் தம் பேடெண்டுகளை இனாமாகவே உபயோகிக்க விட்டார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்; பேராசை பிடித்தவர் செய்யும் காரியமன்று அது. யுத்தம் முடியும் தறுவாயில், 1945-ல், சர்க்கார் எப்.எம். அலைவரிசையை வேறிடத்துக்கு மாற்றியது. லட்சக்கணக்கான பெட்டிகள் பயனற்றுப் போயின.

கம்பெனியின் கட்சியையும் கேட்போம். ஒரு ரேடியோப் பெட்டிக்குள் எத்தனையோ பேருடைய யுக்திகள் அடங்கியுள்ளன. ஒவ்வொருவரும் தம் பங்கைக் கேட்டால் பெட்டியின் விலை என்ன ஆவது? மேலும், தம் எஞ்சினீயர்கள் வேறு விதமான கருவியைத் தாமே அமைத்தார்கள் என்பதும் அவர்கள் வாதம். முதல் வாதத்தில் சாரம் உண்டு. ஆர்ம்ஸ்ட்ராங்கும் பிறர் செய்த வால்வின்மேல்தானே தம் முதல் கட்டடத்தை எழுப்பினார்? ஆனால் அதைச் சொன்னது யார்? தன் கைவசமிருந்த பேடெண்டுகளையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, மற்ற ரேடியோ உற்பத்தியாளரிடம் 1927 முதல் நூற்றுக்கு 7½ வீதம் வசூலித்த கம்பெனி! பிறரிடம் வாங்கும்போது பேடெண்ட் புனிதமானது. பிறருக்குக் கொடுக்கும்போது அது தொல்லை. டெலிவிஷன் விஷயத்தில் பார்ன்ஸ்வொர்த் என்பவருக்கு 1939-ல் அதே கம்பெனி பணம் கொடுக்க உடன்பட்டதும் உண்டு. ஆகவே, முடியாத காரியம் என்பதில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங் தாமே பெட்டி செய்து விற்கவில்லை என்பதும் ஓர் ஆட்சேபம். யாதொரு பொருளும் செய்யாமல், பிறர் பேடெண்டுகளை விலைக்கு வாங்கி வழக்குத் தொடுப்பதையே வியாபாரமாகக் கொண்டவர்கள் இக்காலத்தில் பெருகியுள்ளனர். அவர்களுக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் பொருள் செய்கிறாரா என்பது சரியான அளவுகோலன்று. கண்டவர் அவரே; கோபுரம் எழுப்பி உலகுக்குக் காட்டியவரும் அவரே; கேட்டது ஏனையோர் கொடுத்து வந்த விகிதமே.

அவர் 1948 ஜூலையில் டெலாவேர் பெடரல் கோர்ட்டில் ஆர்.ஸி.ஏ. மீதும் அதன் ஒலிபரப்புக் கம்பெனி மீதும் வழக்குத் தொடுத்தார். பேடெண்டுகளின் ஆயுள் அப்போது இரண்டரை வருஷமே பாக்கி. எதிர்க்கட்சி வக்கீல்கள் விசாரணைக்கு முந்திய குறுக்குக் கேள்விகளிலேயே அவரை ஒரு வருஷ காலம் உட்காரவைத்தனர். சட்டத்தில் இதற்குத் தடையில்லை. வாதிக்குச் செலவு ஏறுகிறது. பேடெண்டின் காலம் ஓடுகிறது. பிரதிவாதிக்கோ ஒவ்வொரு மாதமும் லாபம். எப்.எம். ஒலி தாங்கிய டெலிவிஷன் பெட்டிகள் அவ்வருஷங்களில்தான் அமெரிக்க வீடுகளில் குவிந்தன. 1950 டிசம்பரில் பேடெண்டுகள் காலாவதியாயின. ராயல்டி நின்றது, செல்வம் கரைந்தது, மனைவியுடனும் பிணக்கு நேர்ந்தது. 1954 ஜனவரி முடிவில், 63-வது வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மாரியன் அம்மையார் வழக்கை விடவில்லை. அவ்வருஷ முடிவிலேயே ஆர்.ஸி.ஏ. சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாயிற்று. 1940-ல் கொடுப்பதாகச் சொன்ன தொகையும் ஏறக்குறைய அதுவே. மற்றக் கம்பெனிகளை அம்மையார் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். எமர்ஸன் கம்பெனிமீது 1959-ல் தீர்ப்புக் கிடைத்தது. கடைசியாக நின்றது மோட்டொரோலா. 1967-ல் அதுவும் தோற்றது. அப்போது அந்தப் பேடெண்டுகள் காலாவதியாகி ஏறக்குறைய 17 வருஷம் ஆகியிருந்தது.