இழைக்கு வலிமை தந்தவர்

மின்விளக்கு என்றதும் தாமஸ் ஆல்வா எடிசனின் பெயரே நம் நினைவுக்கு வரும். அவ்விளக்கினுள் ஒளிர்ந்த மெல்லிய இழையைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவர் லூயிஸ் லாட்டிமர்.

லாட்டிமர் 1848ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் 1842இல் தப்பிப் பாஸ்டன் நகரை அடைந்தனர். அங்குத் தந்தை பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அடிமைமுறையை எதிர்த்த மக்கள் பணம் திரட்டிக் கொடுத்து அவரை மீட்டனர்.

லாட்டிமர் பதினாறு வயதில் கடற்படையில் சேர்ந்தார். உள்நாட்டுப் போர் முடிந்ததும், கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை பெற்றுத்தரும் அலுவலகம் ஒன்றில் சிற்றாளாக வேலைக்கு அமர்ந்தார். வாரச் சம்பளம் மூன்று டாலர் மட்டுமே. அங்கிருந்த வரைவாளர்கள் இயந்திரப் படங்களை வரைவதை அவர் கூர்ந்து கவனித்தார். பழைய வரைகருவிகளை வாங்கித் தாமே பயின்றார். ஒருநாள், தமக்கும் ஒரு படம் வரைய வாய்ப்பளிக்குமாறு துணிந்து கேட்டார். நாளடைவில் அதே அலுவலகத்தின் தலைமை வரைவாளராக உயர்ந்தார்.

1880இல் மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் லாட்டிமர் சேர்ந்தார். மின்சாரம் மெல்லிய இழையின் வழியே பாயும்போது, இழையின் தடையால் வெப்பம் உண்டாகிறது. கடும் வெப்பத்தால் இழை ஒளிர்கிறது. காற்றுப் பட்டால் இழை எரிந்து போகும். ஆகவே, கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை வெளியேற்றிவிடுவர். அக்காலத்தில் இழைகள் கரியால் செய்யப்பட்டன. மூலப்பொருளைச் சூடாக்கிக் கரியாக்கும்போது அவை வளைந்து நெளிந்தன. பல உடைந்தும் போயின.

லாட்டிமர் அவற்றை அட்டை உறைகளுக்குள் வைத்துச் சூடாக்கினார். உறையும் இழையும் ஒருசேரச் சுருங்கியதால், இழைகள் வடிவம் கெடாமல் கிடைத்தன. இம்முறைக்கு 1882இல் அவர் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எடிசனின் நிறுவனத்தில் சேர்ந்தார். 1890இல் மின்விளக்கு பற்றி நூலொன்றும் எழுதினார்.

பின்னாளில் கரியிழையின் இடத்தை டங்ஸ்டன் இழை பிடித்தது. எனினும், லாட்டிமரின் பணி ஓயவில்லை. தாம் யாரும் கற்றுத்தராமல் பயின்ற வரைகலையை, நியூயார்க்கில் குடியேறிய ஏழைத் தொழிலாளர்களுக்கு அவர் கற்பித்தார். 1928இல் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.