தாய்மாரைக் காத்த செம்மல்

மகப்பேறு மாதர்க்கு மறுபிறப்பு என்பர் நம் நாட்டுப் பெரியோர். ஐரோப்பாவின் பெருநகர் மருத்துவமனைகளிலும் ஒரு காலத்தில் இஃது உண்மையாகவே இருந்தது. பிள்ளையின் முகங்கண்டு மகிழ்ந்த தாய், சில நாட்களுக்குள் குளிர்சுரம் கண்டு, வயிறு வீங்கி, மாண்டு போவாள். பிரசவ சுரம் எனப்படும் இக்கொடு நோயின் காரணத்தை எண்ணிக்கையால் ஆராய்ந்து, தடுக்கும் வழியையும் காட்டியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு மருத்துவர். அவர் பெயரில் செம்மல் என்னும் தமிழ்ச்சொல் ஒலிப்பது தற்செயலே. எனினும் பொருந்தாத பெயரன்று.

அவர் 1818-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் புடா நகரில் மளிகை வணிகர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். சட்டம் பயில வியன்னா சென்றவர் அதனை விடுத்து மருத்துவம் பயின்று, 1844-இல் பட்டம் பெற்றார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதற் பிரசவப் பகுதியில் பேராசிரியர் கிளைனுக்குத் துணைவராய் அமர்ந்தார்.

அம்மருத்துவமனையில் பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவரும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846-இல் முதற் பகுதியில் பிள்ளை பெற்ற 4,010 பேருள் 459 பேர் இறந்தனர். இரண்டாவதில் 3,754 பேருள் 105 பேரே இறந்தனர். இவ்வேறுபாட்டை ஏழைப் பெண்டிர் நன்கறிந்திருந்தனர். முதற் பகுதி வேண்டாவென்று மண்டியிட்டுக் கதறுவர். வழியில் தெருவிலே பிள்ளை பெற்று வந்தோர்க்குங்கூட இந்நோய் அவ்வளவாக வரவில்லை.

காரணம் யாது? காற்றின் கேடு என்றனர் சிலர். இரு பகுதிக்கும் காற்று ஒன்றே. நெருக்கடி என்றனர் சிலர். இரண்டாம் பகுதியிலேயே நெருக்கடி மிகுதி. மாதர் படுக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. மரணத் தறுவாயில் இருப்போர்க்காக வரும் குருவின் மணியொலி மற்றவரை அச்சுறுத்துகிறதோ என ஐயுற்று, அவரை மணியின்றி வேறு வழியாக வரச் செய்தார், சாவு குறையவில்லை.

1847-இல் அவர்தம் நண்பர் கொல்லெட்ச்கா என்னும் பேராசிரியர், சவப்பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலிற் கண்ட கேடுகள் பிரசவ சுரத்தால் இறந்த மாதர் உடலிற் கண்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸின் அகக்கண் திறந்தது. மருத்துவரும் மாணவரும் காலையிற் பிணவறையில் உழைத்து, அக்கையோடே பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. சாவைச் சுமந்து வந்தது மருத்துவர் கையே!

சவர்க்காரம் இட்டுக் கழுவியும் கையிற் பிணநாற்றம் நீங்காமையால், அதனைப் போக்கும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே எவரும் பெண்களைத் தொடவேண்டும் என 1847 மே மாதம் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த அப்பகுதியில் ஜூன் மாதம் இருவரே இறந்தனர். 1848-இல் 3,556 பேருள் இறந்தவர் 45 பேர். அவ்வாண்டில் இரு மாதங்கள் ஒரு சாவுமின்றிக் கழிந்தன.

நோயை ஆராயும் ஆர்வத்தால் பிணவறையிற் பிறரினும் மிகுதியாய் உழைத்தவர் அவரே. ஆகவே தம் கையால் மாண்டோர் தொகை இறைவனுக்கே தெரியும் என்பதை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் நூலிலும் எழுதினார். தம் கையைக் குற்றவாளியாக நிறுத்த அவரால் இயன்றது. மற்ற மருத்துவர் பலர்க்கு அது கூடவில்லை. கிருமிகளைப்பற்றி உலகம் அறியாத அந்நாளில், கண்ணுக்குப் புலப்படாத நச்சுப்பொருளை நம்ப அவர்கள் மறுத்தனர்.

1849-இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. மனம் நொந்து, 1850-இல் நண்பரிடமும் விடைபெறாமல் பெஸ்ட் நகர் சேர்ந்தார். அங்குப் புனித ரோக்கு மருத்துவமனையில் ஆறாண்டுகளில் பிள்ளை பெற்ற 933 பேருள் 8 பேரே இச்சுரத்தால் இறந்தனர். ஆயினும் அவரிடமும் குறை இருந்தது. கண்டதை முழு நூலாக வெளியிட 1861 வரை தாழ்த்தார். பின்னர் மறுத்தோரைக் கொலைஞர் என இழித்து மடல்கள் வரைந்தார். அக்கடுஞ்சொற்களால் பகையே வளர்ந்தது.

1865-இல் மனம் பேதலித்த அவரை வியன்னாவிலுள்ள மனநோயாளர் விடுதியில் விட்டனர். இரு வாரங்களில், உடற்புண் நஞ்சேறி, ஆகஸ்டு 13-ஆம் நாள் 47-ஆம் அகவையில் உயிர்நீத்தார். எந்நஞ்சினின்று தாய்மாரைக் காத்தாரோ, அத்தகைய நஞ்சே அவரையும் கொன்றது. அதற்கு முன்னாள்தான் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் ஒரு சிறுவனின் காயத்திற்குக் கார்பாலிக் அமிலம் இட்டு மருத்துவம் தொடங்கினார். 1879-இல் பாஸ்தர் பிரசவ சுரக் கிருமியை உலகிற்குக் காட்டினார். 1969-இல் புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் செம்மல்வைஸின் பெயரை ஏற்றது.

மாணவ நண்பர்காள்! ஏதேனும் ஒரு கேடு கண்டவிடத்துக் காற்றையும் காலத்தையும் பழித்தல் எளிது. நம் கையை முதலில் நோக்குதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தமையாலேயே எண்ணிறந்த தாய்மார் தம் மக்களை வளர்க்கும் பேறு பெற்றனர்.